இரண்டாவது வேலை பார்க்கலாமா? முதலில் ஆஃபர் லெட்டரை எடுங்கள்

"ஆறு மணிக்கு லாக் அவுட் பண்ணின பிறகு நான் என்ன செய்தால் கம்பெனிக்கு என்ன?" ஐ.டி. வேலையில் இருப்பவர்களிடம் இரண்டாவது வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. ஆனால் இதற்கான பதில் சட்டப் புத்தகத்தில் இருப்பதைவிட, வேலையில் சேர்ந்த நாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்களில்தான் அதிகம் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்தில் இருந்துகொண்டே இன்னொரு இடத்திலும் வேலை செய்து சம்பாதிப்பதை மூன்லைட்டிங் என்கிறார்கள். பெயர்தான் புதிது, பழக்கம் பழையது. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். வாரநாளில் வங்கி, சனி ஞாயிறில் கல்யாண போட்டோ என்று நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதான். வீட்டிலிருந்து வேலை என்று வந்த பிறகு, ஒரே மேசையில் இரண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்து இரண்டு கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் வேலை பார்க்க முடியும் என்று ஆனதுதான் புதுசு. சண்டையும் அங்கேதான் தொடங்கியது.

2022-இல் நடந்தது

2022 ஆகஸ்டில் ஸ்விகி நிறுவனம், அலுவலக நேரத்துக்கு வெளியே, தன் தொழிலோடு மோதாத வேறு வேலைகளை ஊழியர்கள் செய்துகொள்ளலாம் என்று ஒரு கொள்கையை அறிவித்தது. அதே மாதம் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, இது அப்பட்டமான ஏமாற்று என்று ட்விட்டரில் எழுதினார். செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை விப்ரோ வெளியேற்றிவிட்டதாக அவரே சொன்னார். இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு, இரட்டை வேலை பார்த்தால் வேலையே போகும் என்று மின்னஞ்சல் அனுப்பியது. அடுத்த மாதமே, மேலாளரின் முன் அனுமதி வாங்கிக்கொண்டு, போட்டியில்லாத சின்னச் சின்ன வேலைகளைச் செய்யலாம் என்று கொஞ்சம் இறங்கியும் வந்தது. டெக் மஹிந்திராவை அப்போது நடத்திய சி.பி. குர்னானி ஊழியர்கள் பக்கம் சாய்ந்து பேசினார்.

கம்பெனிகளின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புதிதாகச் சேருபவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளத்தையே பத்து வருடங்களுக்கும் மேலாகக் கொடுத்துவிட்டு, அவர் வேறு வருமானம் தேடினால் நேர்மை பற்றிப் பாடம் எடுப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது. சரி, நம் உறுத்தல் எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போட்ட காகிதம் காகிதம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

'இரண்டு வேலை பார்ப்பது குற்றம்' என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. சில வகை ஊழியர்களுக்கு மட்டும் தனித்தனியாகத் தடை இருக்கிறது.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நெடுங்காலமாகவே தடை உண்டு. ஒரு தொழிற்சாலையில் அன்று வேலை செய்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலைக்கு விடக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 60 சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அதே எண்ணம் தொடர்கிறது: முந்தைய 12 மணி நேரத்துக்குள் அதேபோன்ற இன்னொரு இடத்தில் வேலை செய்தவரை ஆலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு எடுக்கக் கூடாது. தூக்கமில்லாத கண்ணோடு இயந்திரத்தின் முன் நின்றால் கை போகும், உயிரும் போகும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் கவலை.

அரசு ஊழியர் என்றால் கதவு இன்னும் குறுகல். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, முன் அனுமதி இல்லாமல் தனியார் வேலையோ வியாபாரமோ கூடாது என்கிறது. எப்போதாவது கதை, கட்டுரை எழுதுவது, கலை, அறிவியல் சார்ந்த வேலை, சம்பளமில்லாத சமூகப் பணி இவற்றுக்கு, அலுவலக வேலை கெடாதவரை விலக்கு உண்டு. இந்த விதியில் நம் ஊருக்கென்றே எழுதினாற்போல ஒரு வரி இருக்கிறது. மனைவி அல்லது குடும்பத்தினர் நடத்தும் இன்ஷூரன்ஸ் ஏஜென்சிக்காக அரசு ஊழியர் ஆள் பிடித்துக் கொடுத்தால் அதுவும் விதி மீறல்தான். மனைவி பெயரில் ஏஜென்சி எடுத்துவிட்டு, பாலிசி ஃபாரத்தை அலுவலகத்தில் சுற்றுக்கு விடும் ஆட்களை விதி எழுதியவர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி நடத்தை விதிகள் உண்டு. போக்கு ஏறக்குறைய இதேதான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக நோயாளிகளைப் பார்க்க அனுமதி இருப்பது பெரிய விதிவிலக்கு.

ஆசிரியர்கள் விஷயத்தில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28, தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் நடந்து பார்த்தால் அந்த வரியின் செல்வாக்கு எவ்வளவு என்று தெரியும். அப்புறம் வழக்கறிஞர்கள்: நீதிமன்றத்தில் தொழில் செய்துகொண்டிருக்கும்வரை இன்னொருவரிடம் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்க பார் கவுன்சில் விதி விடாது.

இந்தப் பட்டியலில் வராத ஐ.டி., மார்க்கெட்டிங், கணக்கு, டிசைன் ஆட்களுக்கு எல்லாமே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

அந்த ஒரு பத்தியை நிறுத்திப் படியுங்கள்

பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களில் நாலாவது, ஐந்தாவது பக்கத்தில் ஒரு பத்தி இருக்கும். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: "பணியில் இருக்கும் காலத்தில், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல், வேறு எந்த வேலையிலோ தொழிலிலோ வணிகத்திலோ, முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ, ஊதியம் பெற்றோ பெறாமலோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாது."

வழவழவென்று இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு ஓட்டையை அடைப்பதற்காகவே வைக்கப்பட்டது. 'பணியில் இருக்கும் காலம்' என்று இருக்கிறது, 'வேலை நேரம்' என்று இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் இதற்குள் வரும். ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருக்கும் நாட்களும் வரும். தொடக்கத்தில் கேட்ட ஆறு மணிக் கேள்வி இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. 'எழுத்துபூர்வமான' என்றிருப்பதால், டீ குடிக்கும்போது மேனேஜர் "பண்ணிக்கோப்பா, யார் கேட்கப் போறாங்க" என்று சொன்னது கணக்கில் வராது. அவர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும். 'ஊதியம் பெறாமலோ' என்பது நண்பனின் ஸ்டார்ட்அப்புக்கு இலவசமாக கோட் எழுதிக் கொடுப்பதையும் பிடிக்கும். 'மறைமுகமாகவோ' என்பது மனைவி பெயரில் ஆரம்பித்த கம்பெனிக்கு.

இப்படி எழுதி வாங்குவது செல்லுமா? 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு பலர் சமூக ஊடகத்தில் வாதம் செய்கிறார்கள். ஆனால் வேலையை விட்ட பிறகு போடப்படும் தடை வேறு, வேலையில் இருக்கும்போதே போடப்படும் தடை வேறு என்று உச்ச நீதிமன்றம் 1967-இலேயே செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் பிரித்துச் சொல்லிவிட்டது. டயர் நூல் ஆலையில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளர் பாதியிலேயே போட்டி ஆலைக்குப் போன வழக்கு அது. ஒப்பந்தக் காலத்துக்குள் அவரைத் தடுப்பது சரிதான் என்றது நீதிமன்றம். அதனால் வேலையில் இருக்கும்வரை மேலே பார்த்த பத்தி பெரும்பாலும் நிற்கும்.

மீறினால் போலீஸ் வராது. வேலை போகும். ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும். ஐ.டி. துறையில் அந்தக் காகிதம் இல்லாமல் அடுத்த வேலைக்குப் போவது எவ்வளவு தலைவலி என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியின் ரகசியத்தை எடுத்துப் போட்டிக்காரருக்குக் கொடுத்திருந்தால் மட்டும் விஷயம் வழக்கு அளவுக்குப் போகும்.

எல்லா இரண்டாவது வேலையும் ஒன்றல்ல

என்னைக் கேட்டால், யாருடைய நேரம், யாருடைய அறிவு, யாருடைய கருவி என்ற மூன்றையும் பார்த்தாலே ஒரு வேலை எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்துவிடும். ஒரு டெஸ்டிங் இன்ஜினியர் சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்பு எடுக்கிறார் என்றால் மூன்றுமே அவருடையது. கேட்டால் எந்த எச்.ஆரும் ஒரே நாளில் அனுமதி கொடுத்துவிடுவார். அதே இன்ஜினியர், தன் கம்பெனி வாடிக்கையாளரின் போட்டியாளருக்கு, கம்பெனி லேப்டாப்பிலேயே, காலை பதினொரு மணிக்கு டெஸ்டிங் செய்து கொடுத்தால் மூன்றும் போச்சு. நடுவில் இருப்பவைதான் குழப்பம். இரவு பத்து மணிக்குச் சொந்த லேப்டாப்பில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வெப்சைட் செய்து கொடுப்பது போன்றவை.

கருவி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்குவது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலாளிக்கே சொந்தம். பல ஆஃபர் லெட்டர்கள் இதை இன்னும் அகலமாக்கி, கம்பெனியின் கருவியைப் பயன்படுத்தி எப்போது எதை உருவாக்கினாலும் அது கம்பெனிக்கே என்று எழுதியிருக்கும். சொந்தமாக ஒரு ஆப் செய்து ஒருநாள் விற்க வேண்டும் என்ற கனவு இருந்தால், கம்பெனி லேப்டாப்பில் அதன் ஒரு வரியைக்கூட எழுதாதீர்கள்.

பங்குச் சந்தை முதலீடு, வீட்டு வாடகை இவையெல்லாம் பொதுவாக இரண்டாவது வேலைக் கணக்கில் வராது. ஆனால் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் டைரக்டராக இருப்பது வரும். உங்கள் பெயர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும்.

எப்படித் தெரிந்துவிடுகிறது

பலரும் நினைப்பதுபோல பக்கத்து சீட்காரர் போட்டுக்கொடுத்து மாட்டுபவர்களைவிட, பி.எஃப். கணக்கால் மாட்டுபவர்களைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். பி.எஃபில் ஒருவருக்கு ஒரே நிரந்தர எண்தான் (யு.ஏ.என்.). 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பி.எஃப். கட்ட வேண்டும். இரண்டு கம்பெனியும் கட்டினால், ஒரே மாதத்தில் இரண்டு பெயரும் உங்கள் சர்வீஸ் ஹிஸ்டரியில் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். இப்போது யாரும் பார்க்காமல் இருக்கலாம். இரண்டு வருடம் கழித்து மூன்றாவது கம்பெனிக்கு மாறும்போது, பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் முதலில் கேட்பதே அந்தப் பக்கத்தைத்தான். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் பார்த்து, கையில் வந்த ஆஃபரையே திரும்ப வாங்கிக்கொண்டால் புலம்பிப் பயனில்லை.

அதைத் தவிர கம்பெனி லேப்டாப்பில் இருக்கும் கண்காணிப்பு மென்பொருள், லிங்க்ட்இன், பொதுவில் தெரியும் கோட் பதிவுகளின் நேரம் என்று எத்தனையோ தடயங்கள். 2025 ஜூலையில், ஓர் இந்திய இன்ஜினியர் ஒரே நேரத்தில் பல அமெரிக்க ஸ்டார்ட்அப்களில் வேலை பார்த்தது வெளியானதே, ஒரு நிறுவனர் அவரைப் பற்றி எக்ஸ் தளத்தில் எழுதப்போய்த்தான். "இவர் எங்களிடமும்தானே இருந்தார்" என்று மற்ற நிறுவனர்களும் வரிசையாக வந்துவிட்டார்கள்.

வரிக் கணக்கு: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்

இரண்டாவது வருமானத்துக்கு மறைவிடம் கிடையாது. யார் உங்களுக்குப் பணம் கொடுத்து வரிப் பிடித்தம் (டி.டி.எஸ்.) செய்தாலும் அது உங்கள் பான் எண்ணில் ஏறி, வருமான வரித் தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும்.

இரண்டு சம்பளம் வாங்குபவருக்கு வரும் அதிர்ச்சியைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. முதல் கம்பெனி ஆண்டுக்கு 11 லட்சம் தருகிறது, இரண்டாவது 6 லட்சம். முதல் கம்பெனி என்ன செய்யும்? 11 லட்சத்தில் நிலையான கழிவு 75,000-ஐக் கழிக்கும். 10.25 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். இரண்டாவது கம்பெனியும் அதே 75,000-ஐக் கழித்து, 5.25 லட்சம், வரி பூஜ்யம் என்று விட்டுவிடும். வருடம் முழுக்க ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் இல்லை, முழுச் சம்பளமும் கைக்கு வருகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ரிட்டர்ன் போட உட்காரும்போது மொத்தம் 17 லட்சம். நிலையான கழிவு ஒருமுறைதான். மிச்சம் 16.25 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போயிற்று. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. அடுத்த 4 லட்சத்துக்கு 15 சதவீதம், 60,000. மீதி 25,000 ரூபாய்க்கு 20 சதவீதம், 5,000. ஆக 1,25,000. அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 1,30,000 ரூபாய், ஒரே மூச்சில் கட்ட வேண்டும். வட்டி தனி. ஆண்டு வரிப் பாக்கி 10,000 ரூபாயைத் தொட்டாலே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் தவணையாக முன்வரி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு முதலாளியிடம் இன்னொரு சம்பளத்தைத் தெரிவித்தால் அவரே சேர்த்துப் பிடித்துவிடுவார். ஆனால் மறைத்து வேலை பார்ப்பவர் எப்படித் தெரிவிப்பார்? ஆகவே அவர் தானே கணக்குப் போட்டு முன்வரி கட்டுவதுதான் வழி.

ஃப்ரீலான்ஸ் என்றால் கணக்கு வேறு. அது சம்பளமாகாது, தொழில் வருமானம். எளிய ஐ.டி.ஆர்.-1 படிவம் செல்லாது. ஐ.டி.ஆர்.-3 அல்லது 4. இன்ஜினியரிங், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற சில தொழில்களுக்கு, வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்ற உத்தேச முறை இருக்கிறது. தகுதி உண்டா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சேவைக்கான வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வந்து சேரும்.

பைக் ஓட்டுபவர்களுக்கு

அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஆப்பைத் திறந்து ஒரு சவாரி, இரவில் இரண்டு மணி நேரம் சாப்பாடு டெலிவரி என்று செய்பவர்கள் சென்னையில் ஏராளம். இவர்கள் கவலை வேறு. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த இன்ஷூரன்ஸ், வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும்போது நடக்கும் விபத்துக்குப் பொருந்தாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் பின்னால் ஒருவரை ஏற்றும் முன் இதை யோசிக்க வேண்டும். ஆப் நிறுவனம் தனியாகக் காப்பீடு தருகிறதா, அது சவாரி நேரத்துக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒரு சவாரிக்கு எண்பது ரூபாய் கிடைக்கப்போய், ஆஸ்பத்திரி பில்லைக் கையிலிருந்து கட்டும்படி ஆகிவிடக் கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம்விடக் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் அதில் பெயருள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருந்தால், இரண்டாவது முதலாளியும் தனியாக மனுப் போட்டிருக்க வேண்டும். இங்கே போவது வேலை மட்டும்தான். அங்கே விசாவும் போகும்.

கேட்டுவிடுவது

அனுமதி கேட்டு எழுதும் மின்னஞ்சல் நீளமாக வேண்டாம். என்ன வேலை, யாருக்கு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில், நம் கம்பெனியின் வாடிக்கையாளரோ போட்டியாளரோ இல்லை, கம்பெனி கருவி எதையும் தொட மாட்டேன். இவ்வளவு போதும். மேனேஜருக்கு அனுப்பி எச்.ஆருக்கு நகல் வையுங்கள். பதில் வந்தால் அதைச் சொந்த மின்னஞ்சலிலோ காகிதத்திலோ ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வேலை போகும் நாளில் முதலில் பூட்டப்படுவது கம்பெனி மெயில்தான். "கேட்டால் கண்ணில் பட்டுவிடுவேனே" என்ற பயம் புரிகிறது. சில இடங்களில் அது உண்மையும்கூட. அப்படிப்பட்ட மேலாளர் என்றால், சம்பளம் கூடுதலாகத் தரும் ஒரே வேலைக்கு மாறுவது இரண்டு வேலை பார்ப்பதைவிட நிம்மதி.

இன்னொன்று. பார்ட் டைம் வேலை தேடுகிறீர்கள் என்பது வாட்ஸ்அப், டெலிகிராம் மோசடிக்காரர்களுக்கு உங்களுக்கு முன்னால் தெரிந்துவிடும். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய், ஹோட்டலுக்கு ஸ்டார் கொடுத்தால் 100 ரூபாய் என்று ஆரம்பிப்பார்கள். முதல் இரண்டு நாள் பணமும் உண்மையிலேயே வரும். அப்புறம் 'பிரீமியம் டாஸ்க்' என்று 5,000 கட்டச் சொல்வார்கள், அதைத் திரும்ப எடுக்க 20,000. உங்கள் வங்கிக் கணக்கை மாத வாடகைக்குக் கேட்பவர்கள் இதைவிட ஆபத்து. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் விசாரணைக்கு நீங்கள்தான் போக வேண்டும். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால், அதை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது.